குட்வுட் ரிவைவல்: காரோடு போகிறவருக்கு எப்படி?

செப்டம்பரில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் நடக்கும் பழைய கார் பந்தய விழா இது. தென் இங்கிலாந்தில் சிசெஸ்டர் நகரை ஒட்டிய குட்வுட் தடத்தில் 1966 வரையிலான வகைக் கார்கள் மட்டும் ஓடும். பார்வையாளர்களும் அந்தக் காலத்து உடுப்பில் வருவார்கள், பிள்ளைகளுக்கு ஆஸ்டின் பெடல் கார் பந்தயம்கூட உண்டு. வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு இது திருவிழா. அந்தப் பக்கத்தைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. இந்த விமர்சனம் தன் காரை இறக்கப் போகிறவருக்கும், இன்னொருவர் காரை ஓட்டித்தர ஒப்புக்கொள்ளப் போகிறவருக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய பந்தயக் காரை அது பிறந்த காலத்துத் தடத்திலேயே ஓட்ட வேண்டுமென்றால் குட்வுட்டுக்கு இணையான இடம் மிகக் குறைவு. ஏற்பாடு, தடத்தோரம் நின்று கொடி காட்டி உதவிக்கு ஓடும் மார்ஷல்களின் வேகம், போட்டியின் தரம் மூன்றுக்கும் முழு மதிப்பெண். தடம் மட்டும் எதையும் மன்னிக்காது. அதை ஏற்றுக்கொண்டு காரையும் தன்னையும் தயார் செய்தவர் தாராளமாகப் போகலாம். வருடத்தில் பதினொரு மாதம் போர்வைக்குள் இருந்த காரை சர்வீஸ் மட்டும் பார்த்துக் கொண்டுபோவதாக இருந்தால், அழைப்பு வந்தாலும் மறுத்துவிடுவது நல்லது. அழைப்பு இல்லாமல் இங்கே பந்தயத்தில் சேர முடியாது என்பதால் பலருக்கு மறுக்க மனம் வராது. தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தடத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்கள் பறந்த வெஸ்ட்ஹாம்ப்நெட் விமானத்தளத்தின் சுற்றுப்பாதை இது. 1948 செப்டம்பர் 18 அன்று பந்தயத் தடமாகத் திறந்தார்கள். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இந்தப் பிறப்பு புதிதாக இருக்காது. கார்களின் வேகம் கூடிக்கொண்டே போனதால் 1966-ல் பந்தயம் நின்றது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1998-ல் அதே செப்டம்பர் 18 அன்று, பழைய வடிவத்தை மாற்றாமல் மறுபடி திறந்தார்கள். நீளம் சுமார் 3.8 கி.மீ. வடிவம் மாறாததுதான் இதன் அழகு, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. புதிய தடங்களில் வளைவுக்கு வெளியே தார்ப்பரப்பு, சரளைப் படுகை என்று காரைத் தணிக்க இடம் விட்டிருப்பார்கள். இங்கே தார் முடிந்ததும் புல். அதையடுத்து டயர் அடுக்கு அல்லது மண்மேடு. அந்தப் புல் ஈரமாக இருந்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு கார் வேகம் குறையாமல் சறுக்கும். செப்டம்பர் காலையில் பனி உண்டு. முதல் பயிற்சி ஓட்டத்தில் தார் காய்ந்து தெரியும், புல் காய்ந்திருக்காது.

வலஞ்சுழியாக ஓடும் தடம், பெரும்பாலும் வலது வளைவுகள். மாட்ஜ்விக் ஒரே வளைவாகத் தெரிந்தாலும் உள்விளிம்பை இரண்டு முறை தொட்டுப் போக வேண்டியது. முதல் தொடுகையில் அவசரப்பட்டவர் இரண்டாவதில் வெளியே போவார். ஃபோர்ட்வாட்டரில் வலிமையான கார்கள் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகும். தரை லேசாக மேடேறி இறங்குவதால் அங்கே காரின் எடை குறைந்தது போல ஆகும். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும். அந்தத் தடுமாற்றம் அடங்குவதற்குள் செயின்ட் மேரீஸ் வந்துவிடும். இடப்பக்கம் திரும்பி இறங்கும் வளைவு, வெளிப்பக்கம் மண்மேடு. 1962 ஈஸ்டர் திங்களன்று பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸின் லோட்டஸ் மோதியது இங்கேதான். ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார், அவருடைய முன்வரிசைப் பந்தய வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அடுத்து லவான்ட் வளைவும் லவான்ட் நேர்பாதையும். பந்தயம் நின்ற பிறகும் சோதனை ஓட்டத்துக்குப் பயன்பட்ட அந்த நேர்பாதையில், 1970 ஜூன் 2 அன்று, மெக்லாரன் அணியை நிறுவிய புரூஸ் மெக்லாரன் தன் எம்8டி காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பின்பக்க உடற்கூடு கழன்று, கார் கட்டுப்பாட்டை இழந்து மோதி இறந்தார். உடற்கூட்டைப் பிடிக்கும், கால் சுற்றுத் திருகினால் பூட்டும் கொளுவிகள் ஒவ்வொன்றையும் தடத்துக்குப் போகும் முன் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் வற்புறுத்துவது வெறும் சடங்கில்லை.

காரின் பக்கம் வருவோம். விலை உயர்ந்த பழைய கார் தடத்தில் நொறுங்கக் காரணம் ஓட்டியவரின் தவறு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓட்டுநரின் தவறாகத் தெரியும் சுழற்சிகளில் பலவற்றுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டு உடைந்திருக்கும். அறுபது வயதான ஸ்டப் ஆக்ஸில், ஹாஃப் ஷாஃப்ட், ஸ்டியரிங் ஆர்ம், ஹப் கேரியர் என்று சக்கரத்தைத் தாங்கும், சுழற்றும், திருப்பும் பாகங்கள் எல்லாம் எத்தனை லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தன என்ற கணக்கு யாரிடமும் இல்லை. இன்றைய ஷாக் அப்சார்பரும் கூடுதல் பிடிப்புள்ள டயரும் அன்றைய வடிவமைப்பாளர் எதிர்பார்த்ததைவிட அதிகச் சுமையை அவற்றின் மேல் ஏற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க எஃகுப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை, அலுமினியம் மக்னீசியம் பாகங்களுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை. பெயின்ட்டை முழுவதும் நீக்கிய பிறகே செய்ய வேண்டும். பெயின்ட்டோடு சோதித்து வாங்கிய சான்றிதழுக்கு மதிப்பில்லை. சோதனையில் தேறிய பாகத்துக்கும் ஓட்ட மணிக்கணக்கு எழுதி வைத்து, தயார் செய்பவர் சொல்லும் மணிநேரம் முடிந்ததும் கழற்றி மீண்டும் சோதிக்க வேண்டும், அல்லது புதிதாகச் செய்து மாட்ட வேண்டும். அசல் பாகத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்துவிடலாம்.

சக்கரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மக்னீசியச் சக்கரங்களை ஓட்டவே கூடாது என்பது இந்த விமர்சனத்தின் உறுதியான கருத்து. உள்ளே அரிப்பு ஓடியிருப்பது வெளியே தெரியாது. உடையும்போது எச்சரிக்கை தராமல் உடையும். அதே வடிவத்தில் புதிதாக வார்த்த சக்கரம் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டிவிடுங்கள். மக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதையும் உடன் வரும் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் தீ மேலும் சீறும்.

கம்பிச் சக்கரமாக இருந்தால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சிறிய ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள். தம்புராவில் சுருதி இறங்கிய தந்தி போல மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஒரு ஸ்போக் தளர்ந்தால் பக்கத்திலுள்ள இரண்டும் கூடுதல் சுமை தாங்கி அவையும் உடையும். நடு நட்டில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர். வழக்கமான பொருத்தத்தில் காரின் இடப்பக்கம் வலமரை, வலப்பக்கம் இடமரை. அப்படி இருக்கும்போது கார் ஓட ஓட நட் தானே இறுகும். ஹப்பைக் கழற்றி மாட்டியபோது பக்கம் மாறிவிட்டால் ஓட ஓட நட் தளரும், சக்கரம் கழன்று காருக்கு முன்னால் ஓடும். முதல் பயிற்சி முடிந்து, தடத்தோரம் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்கு வந்ததும் செம்புச் சுத்தியலால் நான்கையும் மறுபடி தட்டிப் பார்ப்பது கட்டாயம், அப்போதுதான் அவை உட்கார்ந்திருக்கும்.

பிரேக்கில் நடப்பது எளிய வேதியியல். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. ஒரு வருடம் சும்மா நின்ற காரில் அது முதல் எண்ணிலிருந்து இறங்கியிருக்கும். லவான்ட் நேர்பாதையின் கடைசியில் வுட்கோட் வளைவுக்காக அழுத்தும்போது காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகும், மிதி தரை வரை போகும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சுற்று, ஓர் இடத்தில் போனால் நான்கு சக்கரத்துக்கும் போகும். ஒவ்வொரு பந்தய வார இறுதிக்கு முன்னும் ஆயிலை முழுதாக மாற்றுங்கள், செலவு ஒரு டயர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. வெப்பம் டிஃபரன்ஷியல் ஆயில் சீலைக் கருக்கும், ஆயில் கசிந்து டிஸ்க்கில் வழியும், பின் பிரேக் பிடிக்காது. குளிர்காற்றுக் குழாய் இல்லாமல் ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு அந்தக் காரைக் கொண்டுபோகாதீர்கள்.

அந்த ஒரு மணி நேரப் பந்தயம்தான் ரிவைவலின் மகுடம், ஆர்ஏசி டிடி செலிப்ரேஷன். டிடி என்றால் டூரிஸ்ட் டிராஃபி. மற்றப் பந்தயங்கள் பெரும்பாலும் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். இதில் இரண்டு ஓட்டுநர், நடுவில் பிட்டுக்கு வந்து மாற வேண்டும். வழக்கமாக ஒருவர் உரிமையாளர், இன்னொருவர் தொழில்முறை ஓட்டுநர். ஃபெராரி 250 ஜிடிஓ, லைட்வெயிட் இ-டைப், ஏசி கோப்ரா எல்லாம் ஒரே கூட்டத்தில் உரசிக்கொண்டு போகும். ஜிடிஓ செய்யப்பட்டதே 36. 2018-ல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அப்படிப்பட்ட வரிசையில் எல்லோரும் அடக்கி ஓட்டுவார்கள் என்று எண்ணிப் போகிறவர் ஏமாறுவார். முதல் பத்து இடங்களில் ஓடுவது உண்மையான பந்தயம். கதவோடு கதவு தேய்வது இயல்பாக நடக்கிறது, அதற்குப் பிறகான டிங்கரிங் செலவு உங்களுடையது.

பெட்ரோல் டேங்க் விஷயத்தில் சமரசமே வேண்டாம். கையால் வளைத்து வெல்டிங் செய்த அலுமினிய டேங்க், அதிர்வில் தையலோரம் விரிசல் விடும். அதற்குள் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் எஃப்டி3 தர ரப்பர் பையும் நுரையும் வைக்க வேண்டும். பைக்குத் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு ஆயுள், தயாரிப்பாளர் சோதித்துச் சான்று தந்தால் இன்னும் இரண்டு. நுரையின் ஆயுளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய நுரை எத்தனால் கலந்த பெட்ரோலில் பொடிந்து, துகள் ஃபில்டரை அடைக்கும். கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் குறையும், கலவை மெலியும், பிஸ்டன் தலை ஓட்டையாகும். இன்ஜின் போனதற்குக் காரணம் தேடுகிறவர்கள் கடைசியில் டேங்கைத் திறந்து பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது அது. 2024 முதல் ரிவைவல் பந்தயங்கள் எல்லாவற்றிலும் குறைந்தது 70 விழுக்காடு நிலைத்த மூலங்களிலிருந்து எடுத்த எரிபொருள் கட்டாயம் ஆனது. உங்கள் வழக்கமான பெட்ரோலுக்கு அமைத்த கார்ப்பரேட்டர் ஜெட்டும் இக்னிஷன் டைமிங்கும் அதற்கு ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ளாமல், அதே எரிபொருளைப் போட்டு, இன்ஜின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு தவறான கியர். கியரை இறக்கும்போது லீவர் ஒரு வரிசை தள்ளி விழுந்து, மூன்றாவதற்குப் பதில் முதலாவது விழுகிறது. கிளட்ச்சை விட்டதும் சக்கரம் இன்ஜினைச் சுழற்றுகிறது. ரெவ் லிமிட்டர் இதற்கு உதவாது, அது தீப்பொறியை மட்டும்தான் நிறுத்தும். வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு பிஸ்டனில் மோதும், கனெக்டிங் ராட் போல்ட் நீளும். அன்றைக்கு ஓடிவிடும், அடுத்த பந்தயத்தில் ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இன்னொருவர் காரை ஓட்டுகிறவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 2013-ல் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. பழைய பந்தய வீரர் டேவிட் பைப்பரின் போர்ஷே 917 காரைக் கட்டுரைக்காக ஓட்டிய பத்திரிகையாளர், கியர் தவறி இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றியதற்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இன்ஜின் செலவு மட்டும் 48,000 பவுண்டுக்கு அருகில், வழக்குச் செலவு தனி. காருக்குள் உட்காரும் முன்பே, இன்ஜின் போனால் யார் தருவது, மோதினால் யார் தருவது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நட்புக்கு இது அவமதிப்பு ஆகாது, நட்பு நிலைக்க இதுவே வழி.

இன்ஷூரன்ஸிலும் இதே தெளிவு வேண்டும். பழைய கார்களுக்கான சாதாரணப் பாலிசி பந்தயத்தையும் நேரம் கணக்கிடும் ஓட்டத்தையும் விலக்கியிருக்கும். தடத்தில் நடக்கும் விபத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் முதல் பங்கு உங்கள் தலையில், காரின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று இருக்கும். பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஐந்து லட்சம் பவுண்டு காரில் முதல் ஐம்பதாயிரம் உங்களுடையது. நடுவாந்தர மோதலுக்கெல்லாம் அந்தப் பாலிசி ஒரு காசு தராது. மெக்கானிக்கல் கோளாறால் ஆன இன்ஜின், கியர்பாக்ஸ் சேதமும் வழக்கமாகச் சேராது. எதிராளி இடித்தாலும் அவரிடம் கேட்க முடியாது, பந்தயத்தில் அவரவர் சேதம் அவரவருக்கு என்பதே நடைமுறை. தடத்திலிருந்து வீடு வரை லாரியில் போகும் பயணத்துக்கு எந்தப் பாலிசி என்றும் கேட்டு வையுங்கள். இரண்டு பாலிசிக்கும் நடுவில் விடுபடுவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

உயிர்ப் பாதுகாப்பில் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பியான ரோல் பார் இல்லாத திறந்த காரில் பெல்ட் போட்டுக்கொண்டால், கார் கவிழும்போது தலை அடியில் மாட்டும். போடாவிட்டால் தூக்கி எறியப்படுவீர்கள். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி தோள் பெல்ட் இல்லாமல் வேலை செய்யாது. விதி அனுமதிக்கும் வகுப்பில் கழற்றி மாட்டக்கூடிய ரோல் பாரும் ஆறு முனைப் பெல்ட்டும் போடுவதே சரி, அசல் தோற்றம் கெடுகிறதே என்ற கவலைக்கு இங்கே இடமில்லை. பெல்ட்டின் முனை மெல்லிய அலுமினியத் தரையில் இல்லாமல் சேஸிஸ் குழாயில் பிடித்திருக்க வேண்டும். பழைய கார் பந்தயத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. 2014-ல் சில்வர்ஸ்டோனிலும் 2017-ல் ஸான்ட்வூர்ட்டிலும் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இறந்தார்கள். இரண்டும் ஒற்றை இருக்கைக் கார்கள். ஐம்பதுகளின் இறுதி, அறுபதுகளின் ஒற்றை இருக்கைக் காரில் ஓட்டுநரின் கால்கள் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் நீண்டிருக்கலாம், இருபக்கமும் பெட்ரோல். முதல்முறை போகிறவர்களுக்கு இந்த வகுப்பைப் பரிந்துரைக்கவே முடியாது. செயின்ட் மேரீஸ் டிராஃபி என்ற சலூன் கார் வகுப்பிலிருந்து தொடங்கலாம். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, உதிரிப்பாகமும் கிடைக்கும்.

இனி, நொறுங்கினால் காரின் மதிப்பு என்ன ஆகும்? இதற்குக் குட்வுட்டே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1962 டிடி பந்தயத்தில், பிறகு உலக சாம்பியனான ஜிம் கிளார்க் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4ஜிடி ஸகாட்டோ மாட்ஜ்விக்கில் சுழன்று, முன்னணியில் இருந்த ஜான் சர்ட்டீஸின் ஃபெராரியை இடித்தது. அதே ஆஸ்டன் 2018-ல் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அன்று கிளார்க் இடித்தது வரலாறு ஆகிவிட்டது. நேற்று நீங்கள் இடித்தது பழுது மட்டுமே. வாங்குபவர் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். புதிய அலுமினியத் தகடு பளபளப்பாக வரும், ஆனால் தொழிற்சாலைக் கைவினைஞரின் சுத்தியல் தடம் அதில் இருக்காது. சேஸிஸ் எண் பொறித்த குழாய் வளைந்துவிட்டால் அதை வெட்டி எறியாமல் எவ்வளவு நேராக்க முடியுமோ அவ்வளவு நேராக்கி வைத்திருக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு துண்டையும் சீட்டு ஒட்டிப் பாதுகாக்க வேண்டும். எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் காரின் அமைப்பு அந்தக் கால விவரக்குறிப்போடு பொருந்துகிறதா என்பதைத்தான் சொல்லும், அது அசல் கார்தான் என்று அடையாளச் சான்று தராது. அதனால் அசல் காரையே ஓட்டுகிறவர்கள் அசல் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, புதிதாக வார்த்த பிளாக்கோடு வருகிறார்கள். அப்படிச் செய்வதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் கார்களில் எது முழுவதும் அசல், எதில் எவ்வளவு புதிது என்பதைப் பார்வையாளருக்கு வெளிப்படையாக எழுதி வைத்தால் இந்தப் பந்தயத்தின் மதிப்பு இன்னும் கூடும்.

டயர் அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வகையான கிராஸ்பிளை டயர்கள் இன்றைய ரேடியலைப் போலச் சட்டென்று பிடி விடாது, நிறையச் சறுக்கிக்கொண்டே பிடிக்கும். சூடு ஏறினால் குணம் மாறும். 30 பிஎஸ்ஐ அளவில் 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், எனவே காலையில் குளிர்ந்த டயரில் வைத்த கணக்கு மத்தியானப் பந்தயத்துக்குப் பொருந்தாது. பிட்டுக்கு வந்ததும் சூட்டோடு அளந்து எழுதுங்கள்.

ஞாயிறு மாலை காரை லாரியில் ஏற்றும் முன், இன்ஜின் சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடித்து ஃபில்டரை அறுத்துத் திறந்து பாருங்கள். வெள்ளி நிறத்தில் மென்மையான செதில் இருந்தால் பேரிங், பொன்னிறமாக இருந்தால் புஷ், கடினமாக மின்னும் அலுமினியத் துகளானால் பிஸ்டன். டாக்கோமீட்டரில், இன்ஜின் எட்டிய உச்சச் சுழற்சியைக் காட்டி நிற்கும் முள் சிவப்பைத் தாண்டி நின்றிருந்தால், ஓட்டியவர் என்ன சொன்னாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை ஏற்றிக் கசிவை அளக்கும் லீக் டவுன் சோதனை செய்ய வேண்டும். கசிவு பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி, இருபதைத் தாண்டினால் ஹெட்டைத் திறக்காமல் அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது.